மூன்றாவது மாடியில் நீலக் கண்ணாடி

"நான் மாட்டின கண்ணாடியால ஒரு அம்மா ஒப்பாரி வச்சிடுச்சு மாமே" என்றார், பூந்தமல்லி பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கண்ணாடி வேலைக்காரர்.

"இன்னா ஆச்சு?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"பட்டணத்துல புது ஆஸ்பத்திரி, மூணாவது மாடி. சூடு தணியும்னு இஞ்சினீர் துரை நீலக் கண்ணாடி போடச் சொன்னாரு."

"தணிஞ்சுதா?"

"தணிஞ்சுது. ஆனா அந்தம்மா வந்து, அங்க படுக்கைல தூங்கிகினு இருந்த தன் புள்ளயப் பாத்துது. மூஞ்சி, உதடு எல்லாம் நீலமா கீது. செத்துட்டான்னே நெனச்சிடுச்சு."

"அப்பால?"

"நான் ஓடிப்போயி ஜன்னலத் தொறந்தேன். வெயில் பட்டதும் மூஞ்சி பழைய நெறத்துக்கு வந்துச்சு. புள்ள முழிச்சு, தண்ணி கேட்டான்."

"கண்ணாடி?"

"நாளைக்கு மாத்துறேன். அது வரைக்கும் ஜன்னல மூட அந்தம்மா யாரையும் உடல."