தரை காய்ந்திருந்தது

எனக்குப் பாதம் பெரியது. கடையில் என் அளவுக்குச் செருப்பு கிடைக்காது, குதிகால் எப்போதும் பின்னால் வெளியே நிற்கும். அதைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்தப் பாதத்தை வைத்துத்தான் பதின்மூன்று வருடம் கூடைப்பந்து ஆடிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நீ வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போன தாளில் நான் கையெழுத்துப் போடவில்லையம்மா. அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவன் அடித்துக்கொண்டு வந்த தாளில் பன்னிரண்டு கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்றைக்கூட முழுசாக வாசித்ததில்லை. ஒவ்வொன்றிலும் என்னை வெளியே தள்ளுவதற்கு எங்கேயோ ஒரு வரி இருந்தது. அதனால் என் கையாலேயே எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. பழைய அரங்கத்தை இடிக்கப் போகிறார்கள். கிளப் அதற்கு ஒரு புத்தகம் போடுகிறது. அதில் எங்களோடு ஆடின காத்தாடியின் படத்துக்குக் கீழே 'துடைக்காத தரையில் வழுக்கி விழுந்தவர்' என்று அச்சடிக்கப் போகிறார்கள். தரை துடைத்தவர் உன் அப்பா. அன்றைக்குத் தரை ஈரமா இல்லையா என்று பக்கத்தில் நின்ற நான் எழுதிக் கொடுத்தால் அந்த வரியை எடுத்துவிடுவார்களாம். கொடுக்கிறேன். ஆனால் திருகினவுடன் கொட்டுவதற்கு நான் குழாய் இல்லை. முழுக்க வாசி.

என்னைப் 'பெட்டி' என்று கூப்பிடுவார்கள். எப்போது பார்த்தாலும் கட்டின பெட்டியோடு நிற்பவன் என்று அர்த்தம். ஒரு கிளப்பில் ஒரு பருவம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. எவனுக்காவது முழங்கால் போனால் கூப்பிடுவார்கள். அவன் எழுந்து நடந்ததும் அனுப்பிவிடுவார்கள். பல் பிடுங்கின இடத்தில் வைக்கிற பஞ்சு மாதிரி. பந்தை வளையத்தில் போடுவது எனக்குச் சரியாக வராது. கூட்டம் என் பெயரைச் சொல்லி ஒரு நாளும் கத்தினதில்லை. கூட்டத்துக்கு என்ன தெரியும். பந்து போகிற பக்கமெல்லாம் கோழி மாதிரித் தலையைத் திருப்பும்.

பிறகு எதற்கு வைத்திருந்தார்கள் என்று கேள். பந்தை எறிகிறவன் மேலே எம்புவான். எம்பினவன் எங்காவது இறங்கித்தான் ஆகவேண்டும். அவன் இறங்குகிற இடத்தில் என் பாதம் இருக்கும். அவ்வளவுதான். கை படாது. நடுவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். என் பாதத்தின்மேல் அவன் மிதிப்பான், கணுக்கால் மடங்கும். குனிந்து தூக்கிவிடுகிற முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன்.

பயிற்சியாளர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கோட்டுப் போட்டவர்கள் இல்லையா. "பெட்டி, அந்த ஏழாம் நம்பருக்கு இடம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குப்பா" என்பார்கள். "குறைச்சிடலாம் சார்" என்பேன். அதற்குமேல் பேச்சு கிடையாது. அப்படிப் பதினோரு பேர். சொன்னவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். என்னை மட்டும் நீ கெட்டவன் என்று நினைத்தால் அது உன் இஷ்டம்.

பன்னிரண்டாவது கிளப்தான் உன் அப்பா வேலை பார்த்த கிளப். அங்கே எனக்கும் காத்தாடிக்கும் ஒரே அறை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. எம்பினால் இறங்க மறந்துபோனவன் மாதிரி மேலேயே நிற்பான், அதனால் அந்தப் பெயர். அவ்வளவு நல்ல ஆட்டக்காரனை நான் பார்த்ததில்லை. அவ்வளவு விவரம் கெட்டவனையும் பார்த்ததில்லை. யார் என்ன சொன்னாலும் நம்புவான். சாயங்காலம் என் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து அவன் உள்ளங்காலை என் உள்ளங்காலோடு ஒட்டி வைத்து அளப்பான்.

"உங்களுதுதாண்ணே பெருசு. வாடகைக்கு விட்டா ஒரு குடும்பமே இருக்கலாம்."

"காலை எடுடா, நாறுது."

"அது உங்க கால்ணே."

அவனுக்கு அந்தக் கால் வித்தையைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். போடுவதற்கு இல்லை, தப்பிப்பதற்கு. நாலு மாதம், தினமும் காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால். "மேல போறதுக்கு முன்னாடி எதிர்ல நிக்கறவன் காலை ஒரு தடவை பாரு. கால் முன்னால வந்துச்சுன்னா நிக்கறதுக்குப் பாக்காதே, சுருண்டு விழுந்துடு." நன்றாகப் பழகிக்கொண்டான். ஒரு நாள் கேட்டான்.

"எதிர்ல நீங்க நின்னாண்ணே?"

"நான் நின்னா எதுக்குடா பாக்கணும்?"

"அதானே" என்றான்.

அந்தப் பருவம் முடிகிற சமயம், வெளிநாட்டுப் பெரிய கிளப்புக்கு ஆள் எடுக்க மூன்று பேர் வந்தார்கள். பகல் பதினோரு மணிக்கு எங்களையே இரண்டாகப் பிரித்து ஒரு பயிற்சி ஆட்டம். அந்த மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காத்தாடியைத் தடுக்க என்னை நிறுத்தினார்கள். அவன் நன்றாகத் தெரிவதற்காக.

உடை மாற்றுகிற அறையில் அவன் எல்லார் முன்னாலும் சொன்னான். "அண்ணே, நான் போனா உங்களையும் கூட்டிட்டுப் போயிடறேன். அங்க பெட்டி தூக்க ஆள் வேணும்ல?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. வேடிக்கைப் பேச்சுக்கெல்லாம் ரோஷப்படுகிற ஆள் இல்லை நான்.

எனக்குத் தெரிந்த விஷயம் அவனுக்குத் தெரியாது. அங்கேயும் தாளில் ஒரு வரி இருக்கும். இரண்டு வருடம் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். முழங்கால் தேய்ந்ததும் ஊர் ஊராக விற்பார்கள். முப்பத்தைந்து வயதில் பாஷை தெரியாத ஊர் பஸ்ஸில் காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருப்பான், என்னை மாதிரி. எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அவனுக்கு நான் இருந்தேன்.

மூன்றாவது தடவை பந்து அவன் கைக்கு வந்தது. எம்பினான். கீழே பார்க்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த குச்சியை மிதித்த மாதிரி இருந்தது. கணுக்கால் போனது, அதோடு முழங்காலும் திரும்பிவிட்டது. எல்லாரும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த துண்டை இன்னொரு கையால் பக்கத்தில் பிழிந்தேன். நல்ல வேர்வை. ஒரு சாண் அகலத்துக்கு நனைந்தது. "தரை ஈரம்" என்று முதலில் சொன்னது நான்தான்.

மேலாளர் உன் அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ரெண்டு தடவை துடைச்சேங்க."

"அப்ப இது என்னய்யா, கூரை ஒழுகுதா?"

உன் அப்பா அந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு என் துண்டைப் பார்த்தார். பிறகு என் ஷூவைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. துடைக்கிற கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். திறந்திருந்தால் அவர்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்திருக்கும். சாகும்வரை வீட்டுக்குள் ஈரக்காலோடு யாரையும் நடக்கவிடவில்லை என்று சொன்னாய். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அதை விட்டுவிட்டு.

மிச்சம் இருந்த ஆட்டங்களில் காத்தாடி இடத்தில், முதல் ஐந்து பேரில் ஒருவனாக நான் ஆடினேன். அது வேறு விஷயம்.

பதினோரு பேருக்கு யாரோ சொல்லிச் செய்தேன். இவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தது. தரை காய்ந்திருந்தது. உன் அப்பா மாதிரித் தரை துடைக்கிற ஆளை நான் ஆடின பன்னிரண்டு கிளப்பிலும் பார்த்ததில்லை. இதைக் கிளப்பில் காட்டு, அச்சடிக்கச் சொல். அவர்கள் அச்சடிக்க மாட்டார்கள். படத்தை வேண்டுமானால் எடுத்துவிடுவார்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

காத்தாடிக்கும் காட்டவேண்டும் என்று உனக்குத் தோன்றும். அவன் வேறெங்கும் இல்லை, என் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். இருபத்தாறு வருடமாக. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, யார் கொடுப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் கேட்பான். "அண்ணே, அன்னிக்குத் தரை ஈரம்தானே?" "ஆமாடா" என்பேன். தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். இந்தத் தாளைக் காட்டி அந்தத் தூக்கத்தையும் கெடுப்பது உன் சாமர்த்தியம்.

காலையில் பதினெட்டுப் படி இறங்கவேண்டும். நான் ஒரு படி முன்னால் நிற்பேன். அவன் என் தோளில் கையை வைத்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டே இறங்குவான். இவ்வளவு பட்ட பிறகும் காலடியைப் பார்க்கமாட்டான். புத்தி வராத ஜென்மம். நான் மட்டும் இல்லையென்றால் எப்போதோ விழுந்திருப்பான்.