முதல் கையெழுத்து

சேலையூரில் தாம்பரம் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே, முன் சீட்டில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"என் பொண்டாட்டி எழுதிக் குடுத்த மனுவை நானே தள்ளுபடி பண்ணியிருக்கேன் சார்."

அவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி என்பதும், தங்கள் ஆபீசர்ஸ் கிளப்பின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதும் பேச்சிலிருந்து புரிந்தது.

"என்ன மனு சார்?"

"அப்பல்லாம் கிளப்புக்குள்ள லேடீஸ் முன்வாசல் வழியா வரக்கூடாது. பக்கவாட்டுக் கதவுதான். அதை மாத்தணும்னு மெம்பர்ங்களோட மனைவிங்க சேர்ந்து எழுதியிருக்காங்க. நான்தான் செக்ரட்டரி. புக்குக்காகப் பழைய ஃபைலைப் புரட்டினா, முதல் கையெழுத்து அவளோடது. கீழ 'ரிஜெக்டட்'னு என் கையெழுத்து."

"அப்ப கவனிக்கலையா?"

"முதல் வரியைப் படிச்சேன், எழுதிட்டேன். யார் யார் போட்டிருக்காங்கன்னுகூடப் பார்க்கல."

"வீட்ல கேட்டீங்களா?"

"நேத்து கேட்டேன். 'என் பேரைப் பார்த்துட்டுதான் வேணாம்னு எழுதினீங்கன்னு நினைச்சேன்'னா. முப்பது வருஷமா அப்படியே நினைச்சிட்டு இருந்திருக்கா சார். அப்புறம் ரூலை மாத்தி, முன்வாசல் எல்லாருக்கும்னு ஆச்சு. அப்பவும் அவ வரல. முட்டி வலின்னு சொன்னா, நானும் நம்பிட்டேன்."

"பேரையே பார்க்கலன்னு சொல்லிட வேண்டியதுதானே சார்? மனசு ஆறியிருக்குமே."

"சொன்னேனே. அதுக்கப்புறம்தான் அழுதா."