எதிரணியின் காவல்காரன்

வாகன நிறுத்துமிடத்துக்கு வெள்ளைக் கோடு போடுவதில் அயோவா மாநிலத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஹாலண்டேல் கல்லூரி விளையாட்டுத்துறை இயக்குநர் என்று என் கதவில் எழுதியிருந்தாலும், இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்த வேலையில் பாதி இதுதான். மீதிப் பாதி, பரிசளிப்பு விழாக்களில் கை தட்டுவது.

பொறாமைதான் காரணம் என்று உங்கள் விசாரணைக் கோப்பில் யாரோ எழுதியிருக்கிறார்கள், மேடம். அதைத் திருத்தத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எங்கள் லீக்கின் பெயர் பிரெய்ரி எட்டு. உறுப்பினர்கள் பதினொன்று. எல்லாமே கணக்குப் பாடம் நடத்துகிற கல்லூரிகள்தான். பெயரை மாற்றினால் பனியனையும் மாற்ற வேண்டுமே என்று விட்டுவிட்டோம். அதில் டன்ப்ரூக் கல்லூரி எங்களிடமிருந்து பதினான்கு மைல். அதன் இயக்குநர் மெர்ல் காஸ்டர், படிக்கிற காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். போன வசந்தத்தில் அவன் கல்லூரிக்குக் கிழக்குக் கடலோர லீக்கிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து கடல் ஆயிரம் மைல். டன்ப்ரூக் பையன்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்தது பல் டாக்டர் கொடுத்த காலண்டரில். ஆனால் தொலைக்காட்சிக்காரர்களுக்கு நிலப்படமெல்லாம் எதற்கு? அயோவாவில் ஒரு கல்லூரி வேண்டும் என்றார்கள். ஒன்றே ஒன்று.

மெர்ல் அதைச் சொன்னது, நாங்கள் வாரம் ஒருமுறை சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் சாப்பிடுகிற கடையில்.

"டேய் ஆர்லோ, கடலோரத்துக்குப் போறோம்டா."

"உங்க ஊர்ல கடல் எங்கடா இருக்கு? கோழிப் பண்ணைக்குப் பின்னாடி ஒரு குட்டை இருக்கே, அதுவா?"

"அக்டோபர்ல உங்களோட ஆடறோம் பாரு, அதைப் பாக்க அஞ்சு பேர் வர்றாங்க. அப்புறம்தான் அறிவிப்பாங்களாம்."

"உங்க மைதானத்துக் கழிவறையைப் பாத்தா அப்படியே திரும்பிடுவாங்க."

"அதுக்கும் பளிங்கு போடறோம். நீதான் வந்து திறந்து வைக்கணும்," என்றான். பரிமாறுகிற பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவன் என் தோளைத் தட்டி, "கவலைப்படாதே, உன்னைப் பத்தியும் அங்க ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்," என்றான். அன்றைக்கு ரொட்டிச் சுருளை என்னால் முடிக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதையா பொறாமை என்கிறீர்கள்?

எங்கள் லீக்கின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் கால்பந்து என்று அழைக்கிற, காலுக்கு அதிகம் வேலையில்லாத ஆட்டத்தில் தலையோடு தலை மோதும். மோதிய பையன் தடுமாறினால், மேலே கண்ணாடி அறையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவர் வாக்கி-டாக்கியில் ஒரு சொல் சொல்ல வேண்டும். பையன் வெளியே வந்துவிடுவான். அதற்கு மறுபேச்சு கிடையாது. பெரிய லீக்குகளில் அதற்கு மருத்துவர்கள் உண்டு. எங்களிடம் இயக்குநர்களே. தன் அணியின் நல்ல ஆட்டக்காரனை எவனும் வெளியே அழைக்க மாட்டான் என்று தெரிந்து, ஒவ்வொருவரும் எதிரணியைப் பார்ப்பது என்று வைத்தோம். அவனுடைய பையன்களுக்கு நான், என்னுடைய பையன்களுக்கு அவன். இந்த ஏற்பாட்டுக்காகக் கல்லூரித் தலைவர்கள் விருந்துகளில் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்வார்கள். பதினாறு வருடம் ஒரு தவறும் நடக்கவில்லை.

டன்ப்ரூக்கில் பந்தெறிகிறவன் ஜோனா கிளாசென். இருபது வயது. இரண்டு வருடத்துக்கு முன் அவனை நானே ஒருமுறை வெளியே அழைத்திருக்கிறேன். மூளையில் வீக்கம் தொடங்கியிருந்தது, சரியான நேரத்தில் கூப்பிட்டீர்கள் என்று மருத்துவர் சொன்னார். அதிலிருந்து அவன் அம்மா டார்லா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எனக்கு ஒரு டப்பாவில் ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் கொண்டுவருவாள். அந்த அக்டோபர் ஆட்டத்தன்றும் கண்ணாடி அறைப் படிக்கட்டின் கீழே நின்றிருந்தாள்.

"மேல இன்னைக்கும் நீங்கதானே, மிஸ்டர் பென்ட்ரி?"

"நான்தாம்மா."

"அப்ப சரி. வேற யாராவதுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன்."

ஆட்டத்தின் இரண்டாம் கால் பகுதியில் ஜோனாவை இருவர் சேர்ந்து சாய்த்தார்கள். ஹெல்மெட் தரையில் மோதிய சத்தம் கண்ணாடிக்குள்ளேயும் கேட்டது. எழுந்தான். எழுந்து, எங்கள் பெஞ்சை நோக்கி நடந்து வந்தான். எங்கள் பையன்கள் சிரித்து, தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கூட்டமும் சிரித்தது. தொலைநோக்கியில் அவன் கண்ணைப் பார்த்தேன். வாக்கி-டாக்கி என் கையில் இருந்தது.

நான் நியாயமாகத்தான் யோசித்தேன். வெளியே அழைத்தால் என்ன பேசுவார்கள்? டன்ப்ரூக்குக்கு வாழ்வு வந்ததைப் பொறுக்காமல், விருந்தாளிகள் முன்னால் அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரனைத் தூக்கிவிட்டான் பென்ட்ரி என்பார்கள். அழைப்பதுதான் பொறாமையாக இருந்திருக்கும். மேலும், அவனுடைய மாற்று ஆள் நல்ல திடமானவன், ஜெயித்தும் விடுவான். ஆகவே அழைக்கவில்லை. ஜோனாவின் அடுத்த எறி நேராக எங்கள் ஆள் கையில் விழுந்தது. அதற்கடுத்ததும். கடலோர லீக்கின் ஐந்து பேரும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிவேட்டில் நான், குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை என்று எழுதினேன். கையெழுத்தைப் பார்த்திருப்பீர்கள், நடுக்கம் இருக்காது.

இடைவேளையில் மெர்ல் எதிர்ப்பக்கத்துக் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி, மூச்சிரைக்க என் அறைக்கு ஏறி வந்தான்.

"ஆர்லோ, ஜோனா ஒரு மாதிரி இருக்கான். உன் பசங்களையே பாத்துக்கிட்டிருந்ததுல எனக்குச் சரியாத் தெரியல. தலையில ஏதாவது பட்டுச்சா?"

"கோட்டு போட்ட அஞ்சு பேரைப் பாத்துப் பயந்திருப்பான். உன்னை மாதிரிதான்."

"விளையாடாதடா. நல்லாப் பாத்தியா?"

"பாக்கறதுதானே என் வேலை?"

"நீ சரின்னா சரி," என்று சொல்லி, டப்பாவிலிருந்து ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அடுத்த மோதல் பெரியதில்லை. பக்கத்தில் ஓடியவனின் தோள் பட்டது, அவ்வளவே. ஜோனா மடிந்து உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். செவ்வாய்க்கிழமை மதியம் மருத்துவமனையில் கருவிகளை நிறுத்தினார்கள்.

ஆட்டம் நடந்த அன்று மாலையே, கடலோர லீக்கின் ஐவரில் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். "இந்த ஆட்டத்துல யார் ஜெயிச்சாலும் எங்களுக்கு ஒண்ணுதாங்க. புதன்கிழமையே கையெழுத்து போட்டாச்சு. போட்டோ எடுக்கத்தான் வந்தோம்," என்றார். அதை முன்பே சொல்லியிருக்கலாம். இப்படிப்பட்ட விஷயத்தில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டாமா?

மெர்ல் ராஜினாமா செய்தான். டன்ப்ரூக் தானாகவே விலகிக்கொண்டது. கடலோர லீக்குக்கு அப்போதும் அயோவாவில் ஒரு கல்லூரி தேவைப்பட்டது, எங்களைக் கேட்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் என்மேல் ஏதோ தவறு இருப்பதாக ஆகியிருக்கும்.

வாக்கி-டாக்கியில் மின்கலம் தீர்ந்திருந்தது என்று முதல் விசாரணையில் சொன்னேன். அது பொய். நன்றாகத்தான் வேலை செய்தது. ஜோனா எங்கள் பெஞ்சை நோக்கி நடந்தபோது நான்தான் அதை அணைத்தேன். அவன் மூளையில் மறுபடி அடிபட்டால் என்ன ஆகும் என்று அந்த மைதானத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. தெரிந்தேதான் செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பொறாமை என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். மெர்ல் இப்போது விதைக் கடையில் மூட்டை அடுக்குகிறான், அவனைப் பார்த்து நான் எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? டார்லா சனிக்கிழமைதோறும் அவன் வீட்டுக்குப் போகிறாளாம். டப்பாவில் கேக்கும் கொண்டுபோகிறாளாம். இரண்டு பேரும் இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பார்களாம். முதல் தடவை அவள் பிள்ளையைக் காப்பாற்றியவன் நான். என் வீட்டுப் பக்கம் அவள் ஒருமுறைகூட வரவில்லை. அவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது, மேடம்?