கடைசிப் பாட்டின் கதவு

ஏசி ஓடினால் அந்தச் சத்தம் மைக்கில் விழும். எந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள் சார், பாடும்போது ஏசியை அணைத்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் பாடும் அறை ஒரு பீரோவைவிடக் கொஞ்சம் பெரியது. கதவைச் சாத்தினால் ஈ, எறும்பு நுழைய வழியில்லை. அவ்வளவு கச்சிதமாகச் சுற்றிலும் ரப்பர் ஒட்டியவன் நான்.

எங்களுடையது ப்ராக்ரசிவ் மெட்டல் என்கிற ராக் வகை வாசிக்கும் இசைக்குழு. ஆல்பம் முழுக்க ஒரே கதை. ஒருவன் தான் யாரென்று தேடித் தனக்குள்ளேயே இறங்குகிறான். கடைசிப் பாட்டில் அவனை ஒரு கதவு மறிக்கிறது. திறக்கச் சொல்லித் தன்னிடமே கெஞ்சுகிறான். எழுதியது நான். பாடியது என் தம்பி.

தம்பிக்கு நல்ல குரல், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் கல்யாணமானதிலிருந்து பயலுக்கு முகத்தில் சிரிப்பு ஓயவில்லை. அந்தக் கெஞ்சலைப் போய், பக்கத்து வீட்டில் குடை இரவல் கேட்கிற மாதிரி பாடினான். டிரம்மர் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதோட போதும்ணே. இது முடிஞ்சதும் வேற வேலை பாத்துக்கறேன். அவளுக்கும் இதெல்லாம் பிடிக்கல" என்றான்.

சரிடா என்றேன். நான் யாரையும் கட்டாயப்படுத்துகிற ஆள் இல்லை.

மறுநாள் மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. இன்ஹேலர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அசைந்தால் மைக்கில் சத்தம் விழும் என்று அதை வாங்கி என் மேஜையில் வைத்துக்கொண்டேன். பிறகு கதவை வெளியே தாழிட்டேன். தாழ்ப்பாள் முந்தின நாள்தான் பொருத்தியது.

முதலில் வழக்கம்போல உப்புச் சப்பில்லாமல்தான் பாடினான். திரும்பத் திரும்பப் பாடவைத்தேன். போகப்போக அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் பாட்டுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, முடியல. கதவத் திறண்ணே."

"அதேதான்டா, அப்படியே பாடு. விட்டுடாதே" என்று ஹெட்போனில் சொன்னேன்.

பாடினான் சார். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. அப்புறம் வரிகளை விட்டுவிட்டு, எங்களுக்கு நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பை இரண்டு கையாலும் அடித்தான். அதுகூடத் தாளம் தப்பாமல் விழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அவன் கீழே சரிந்த பிறகும் பதிவை நிறுத்தவில்லை. சத்தம் முழுக்க அடங்கும்வரை பொத்தானைத் தொடக்கூடாது, அதுதான் எங்கள் தொழிலில் முறை.

இன்ஹேலரை மறந்துவிட்டேன் என்று சொல்லும்படி வக்கீல் சொல்கிறார். மறக்கவில்லை. அது என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. கொடுத்தால் குரல் பழையபடி சுத்தமாகிவிடும் என்றுதான் கொடுக்கவில்லை.

அவன் மனைவிக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று காதைப் பொத்திக்கொண்டு கதறினாள். பாவம், விவரம் தெரியாத பெண். நடுவில் நிறுத்தியிருந்தால், தான் யாரென்று தெரியாமலே போயிருப்பான் என் தம்பி.