மாப்பிள்ளை மேட்டுல, பொண்ணு மேஜைக்கு அடியில

பூட்டிடாதீங்க சார். பொண்ணும் மாப்பிள்ளையும் வந்துட்டே இருக்காங்க. ஓடிப்போகல சார், வேலைக்குப் போயிருக்காங்க. சிரிக்காதீங்க, எனக்கும் தொத்திக்கும்.

நானா? சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருக்கேன். விஷயம் என்னன்னா, ஊருக்குத் தண்ணி விடுற கன்ட்ரோல் ரூம்லதான் பொண்ணுக்கு வேலை. மாப்பிள்ளைக்கு மேட்டுத் தொட்டிகிட்ட. தொட்டியில எவ்வளவு தண்ணின்னு அங்கேருந்து கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்றது ஒரு பழைய சீரியல் லைன். ஒத்தையடிப் பாதையில ஆடு போற மாதிரி, ஒவ்வொரு எழுத்தா வரும். நேத்து ஒரு கான்ட்ராக்டர் கேபிளை மாத்திட்டுப் போயிருக்காரு. காலையில பொண்ணு புதுத்துணி கட்டி நிக்கும்போது போன். ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலையாம். சரிபண்ணலைன்னா ரெண்டு பேரும் அங்கங்கே உக்காந்து போன்லயே அளவு சொல்லிட்டு இருக்கணும். கல்யாணம் எங்கே நடக்கும்?

அப்புறமென்ன, அவர் மேட்டுக்கு ஓடினாரு, இவங்க அதே துணியோட கன்ட்ரோல் ரூம் மேஜைக்கு அடியில பூந்துட்டாங்க. நான் டார்ச் பிடிச்சேன். பாத்தா, ரெண்டு மெஷினும் ஒரே கம்பியில பேசுது. கேக்குறதுக்கு ஆளில்ல. நம்ம வீடு மாதிரின்னேன், முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. கம்பியை மாத்திப் போட்டதும் எழுத்து வந்துச்சு, ஆனா ஒரே கிறுக்கல். அங்க வேகமா அனுப்புது, இங்க மெதுவா படிக்குது. நீங்க எப்பவுமே அவசரம், கொஞ்சம் குறைங்கன்னு பொண்ணு போன்ல சொல்றாங்க. மெஷினைத்தானே சொல்றீங்கன்னு அவர் கேக்குறாரு.

குறைச்சாரு. டெஸ்ட்டுக்கு ஏதாவது அடிங்கன்னா, மனுஷன் என்ன அடிச்சாரு தெரியுமா? கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு. இங்கிலீஷ் எழுத்துலதான், ஆனா ஒண்ணுகூடப் பிசகாம வந்துச்சு. எழுந்த வேகத்துல பொண்ணு தலையை இடிச்சுக்கிட்டாங்க. நீ ஓடிப்போய் ஆபீசரைப் பிடிச்சு வை, நான் அவரைக் கூட்டிட்டு வர்றேன்னு ஸ்கூட்டரை எடுத்துட்டாங்க.

இவங்க கதையே இப்படித்தான் சார். லைன் கெட்டா போன் பண்ணிப்பாங்க. ஒரு நாள் லைன் நல்லாத்தான் இருந்துச்சு, அப்பவும் போன் வந்துச்சு. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

வந்தாச்சு சார், அதோ. ஆமா, ஸ்கூட்டர் ஓட்டுற நரைச்ச தலைதான் பொண்ணு. நான் அவங்களுக்கு என்ன உறவா? தங்கச்சி இல்ல சார், மக. அப்பா தவறிப் போய் ரொம்ப நாளாச்சு. பேனாவைக் குடுங்க, எங்கே போடணும்?