முடியாது என்று சொல்லத் துணிந்த மெய்யநாதன்

தலைமை தாங்கும் குமரப்பச் செட்டியார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, இடமில்லாமல் படிக்கட்டு வரை நெருக்கி நிற்கும் சபை அன்பர்களே, ஜன்னல் பக்கம் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஷேக் அலாவுதீனின் சலாமும் வணக்கமும்.

நான் இந்தப் பினாங்கில் சூலியா வீதியில் காகிதக் கடை வைத்திருப்பவன். கடைக்கு மேல்மாடியில்தான் நம்முடைய ஞாயிறு வினா சபை கூடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சபையில் பேசுகிறவர் ஒருவர் இருந்தார். பெஞ்சு தூக்கிப் போடுகிறவன் நான். இன்று பெஞ்சு போட்டவனே பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. ஏன்? பேசுகிறவர் போய்விட்டாரே! விஞ்ஞான உபாத்தியாயர் மெய்யநாதன் அவர்கள் நம்மை விட்டுப் போய்விட்டாரே! என் மனசு இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அவர்தான் வருகிறார் என்று இன்றும் தலையைத் தூக்குகிறேன்.

யார் இந்த மெய்யநாதன்? செட்டிநாட்டில் பிறந்தவர். குலத்தொழிலுக்காகக் கப்பலேறி வந்தவர். வந்த இடத்தில் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாக்கட்டியைக் கையில் எடுத்தவர். உறவெல்லாம் கோபித்தது. அவர் கோபிக்கவில்லை. "எனக்குப் பொருள் எப்படி நகருதுன்னு தெரிஞ்சுக்கணும். எந்தப் பக்கம் நகருதுன்னு நீங்க பாத்துக்குங்க" என்று சொன்னாராம்!

பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் பாடம். ஞாயிற்றுக்கிழமை என் மாடியில் தமிழில் சபை. அவர் வைத்த சட்டம் என்ன? கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி கேட்க வேண்டும். கேட்டவர் தாமே முதலில் ஒரு விடை சொல்ல வேண்டும். அப்புறம், உட்கார்ந்த இடத்தில் வாதாடிக்கொண்டிராமல், எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் பிரியாணி ஆறிப் போயிற்று, அன்பர்களே!

ஒரு நாள் நான் கேட்டேன்: "ஓடுகிற கப்பலில் ஒரு பொருளை மேலே எறிந்தால் அது எங்கே விழும்?" என் விடையையும் நானே சொன்னேன்: கப்பல் முன்னே போய்விடும், பொருள் பின்னே விழும். இதில் என்ன சந்தேகம்? உடனே எல்லோரையும் அக்கரையிலிருக்கும் பிறை என்ற ஊருக்குப் போகிற ஃபெரிக் கப்பலில் ஏற்றிவிட்டார். காற்று வராத உள்ளறையில் என்னை நிறுத்தி, என் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, நேர் மேலே வீசினார். நான் தொப்பி போயிற்றே என்று பின்னால் பாய்ந்தேன். தொப்பி நான் நின்ற இடத்திலேயே விழுந்தது! "அலாவுதீன் அண்ணே, தொப்பியும் உங்க கூடத்தானே டிக்கெட் எடுத்து வந்துச்சு. அது மட்டும் எப்படிப் பின்தங்கும்?" என்றார். கப்பலே சிரித்தது. இன்றைக்கும் அந்தத் தொப்பியைத்தான் போட்டிருக்கிறேனா என்று கேட்காதீர்கள். அது பழசாகிவிட்டது. அந்தப் பாடம் பழசாகவில்லை.

தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், அடுத்த கதை அவரைப் பற்றியது. மிகமிக வேகமாகப் பிரயாணம் செய்கிறவனுக்குக் காலம் மெதுவாக ஓடும், வீட்டில் இருந்தவனைவிட அவன் வயது குறைந்து திரும்புவான் என்று மேல்நாட்டு அறிஞர்கள் கணக்குப் போட்டிருப்பதை ஒரு நாள் மெய்யநாதன் சொன்னார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். குமரப்பச் செட்டியார் மட்டும் முகம் வாடிவிட்டார். மறு வாரம் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தவர், கப்பல் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்! காரணம் என்ன? அவருக்கு ராமு என்று ஒரு தம்பி. தம்பி இங்கே பினாங்கில் நகராமல் உட்கார்ந்திருக்க, அண்ணன் கப்பலில் போய்ப்போய் வந்தால், என்றைக்காவது ஒரு நாள் அண்ணன் தம்பியாகிவிட மாட்டானா? அப்போது எவன் எவனைக் கும்பிடுவது? கோவிலில் முதல் மரியாதை யாருக்கு?

சிரிக்காதீர்கள். செட்டியாருக்கு அது உயிர்ப் பிரச்சினை! மெய்யநாதனும் சிரிக்கவில்லை. கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டார். போட்டு முடித்துவிட்டு, "செட்டியாரே, ஊருக்குப் போயி வந்தா நீங்க மிச்சம் பிடிக்கிற வயசு, கண் இமைக்கிற நேரத்துல கோடியில ஒரு பங்குகூட இல்ல. ஏழு தலைமுறை கப்பல்லயே குடியிருந்தாலும் ராமு உங்களுக்குத் தம்பிதான். தைரியமாப் போங்க" என்றார். செட்டியார் அன்றே பெட்டி கட்டினார். விஞ்ஞானம் ஒரு குடும்பத்தின் மரியாதையைக் காப்பாற்றியதை என் கண்ணால் பார்த்தவன் நான்.

இப்படித்தான் சபை நடந்தது. ஆனால் அன்பர்களே, அவரைப் பற்றிப் பேச நான் எழுந்தது இந்த வேடிக்கைகளுக்காக அல்ல. ஒரு நாள் அவர் 'முடியாது' என்று சொன்னார். அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

சுங்கை பினாங்கிலிருந்து ருக்குமணி என்ற அம்மாள் சபைக்கு வந்தார். அவருடைய கணவர் துறைமுகத்தில் சரக்குத் தோணியில் வேலை பார்த்தவர். நங்கூரமிட்ட கப்பலிலிருந்து மூட்டை இறக்கும்போது சங்கிலி அறுந்து, சரக்கு அவர் மேல் விழுந்து இறந்துபோனார். கணவருக்குச் சோறு கொண்டு வந்த ருக்குமணி அம்மாள் அப்போது கரையில், கடற்சுவர் ஓரம் நின்றிருந்தார். 'படார்' என்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் முடிந்திருந்தது. அன்று முதல் அவருக்கு ஒரே எண்ணம்: சத்தம் கேட்டதும் தான் கத்தியிருந்தால் அவர் விலகியிருப்பார். மாமியாரும் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டினாராம். "பாத்துக்கிட்டுத்தானே நின்ன?"

அந்த அம்மாள் எழுந்து நின்று கேட்டார்: "வெளிச்சத்தவிட வேகமாப் போனா போன காலத்துக்குப் போயிறலாம்னு ஆம்பளைங்க பேசிக்கிறாங்க, வாத்தியாரே. என்னை அந்த மத்தியானத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மெய்யநாதன் அந்தப் பக்கம் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. மேடையிலிருந்து இறங்கி அந்த அம்மாள் முன்னால் வந்து நின்றார். "முடியாதும்மா" என்றார். "ஒரு பொருளை வேகமாத் தள்ளத் தள்ள, அது தள்ளுறதுக்குக் கனமாகிக்கிட்டே போகும். வெளிச்சத்தை எட்டவே முடியாது. அப்புறம் எப்படி முந்துறது? நான் பொய் சொல்ல மாட்டேன்."

சபையில் எவ்வளவு கோபம்! கல்நெஞ்சன் என்றார்கள். வாய்க்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் இவர் விஞ்ஞானம் குறைந்தா போய்விடும் என்றார்கள். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. அந்த அம்மாளிடமே கேட்டார்: "அந்த மத்தியானத்துக்குப் போனா நீங்க என்ன செய்வீங்க?"

"கத்துவேன். சத்தம் கேட்டதுமே அவர் பேரைச் சொல்லிக் கத்துவேன்."

"சரி. வாங்க, போய்ப் பாப்போம்."

எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். அந்த அம்மாள் அன்று நின்ற இடத்தைக் கேட்டு, அதே இடத்தில் நிறுத்தினார். கப்பல் நின்ற இடத்துக்குச் சம்பான் படகு ஓட்டும் கமாலை அனுப்பினார். கமாலின் கையில் தகர டின். அடிக்கிற கட்டையில் சிவப்புத் துணி. "துணி இறங்குறதப் பாருங்க, சத்தத்தைக் கேளுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார். தூரத்தில் சிவப்புத் துணி இறங்கியது. சத்தம் இல்லை. மறுபடி துணி மேலே ஏறிவிட்டது. அப்புறம்தான் 'டங்' என்று கேட்டது! மறுபடி அடிக்கச் சொல்லிக் கையை வீசிக் காட்டினார். மறுபடியும் அப்படியே. கமால் கை சலித்து, "போதும்லா வாத்தியாரே!" என்று கூவினான். அந்தக் கூவலும் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

அப்போது மெய்யநாதன் சொன்னார்: "சங்கிலி அறுந்த சத்தம் உங்க காதுக்கு வர்றதுக்குள்ளயே சரக்கு விழுந்து முடிஞ்சிருச்சும்மா. நீங்க கத்தியிருந்தா, அந்தக் குரல் அங்க போய்ச் சேர இன்னொரு அவ்வளவு நேரம். நீங்க தாமதிக்கல. சத்தம்தான் தாமதம். அந்த மத்தியானத்துக்குத் திரும்பப் போனாலும் நீங்க செய்யத் தவறினது அங்க ஒண்ணுமில்ல."

அந்த அம்மாள் கடற்சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். எத்தனையோ வருஷமாக அழாமல் வைத்திருந்த அழுகை அது. நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கல்நெஞ்சன் என்று சொன்னவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடியாது என்று சொல்வதற்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது! பொய் சொல்லி அனுப்பியிருந்தால் அந்தப் பெண்பிள்ளை இன்றும் வானத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டல்லவா இருப்பார்?

அன்பர்களே! இனி நான் சொல்லப்போவது மெய்யநாதனின் மனைவி நாச்சம்மை ஆச்சி சொல்லச் சொன்னது. ஆச்சி துக்கத்தில் இருக்கிறார், சபைக்கு வரவில்லை. நேற்று டத்தோ கிராமாட்டில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாவு விழுந்த அன்றிலிருந்து ருக்குமணி அம்மாளும் அங்கேதான், ஆச்சி பக்கத்திலேயே இருக்கிறார்.

ஆச்சி என்னிடம் சொன்னார்: "அண்ணே, அவுக கூடத்துல உக்காந்து தண்ணி கேட்டாக. இந்தா வர்றேன்னேன். அடுப்புல பால் பொங்கிருச்சு. இறக்கி வச்சுட்டுப் போறதுக்குள்ள சாஞ்சுட்டாக. அந்த நிமிஷத்துக்கு நான் திரும்பிப் போக முடியுமா?"

ருக்குமணி அம்மாள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல தப்பே இல்ல ஆச்சி. சத்தம் வர நேரமாகும்ல! வாத்தியார்தானே சொன்னாரு!"

ஆச்சி சிரித்தார், அன்பர்களே. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. "அடுப்படியிலேருந்து கூடத்துக்கு எவ்வளவு நேரமாகும் ருக்கு? இது தெரியாதா எனக்கு? நான் அவுக பொண்டாட்டி."

என்னிடம் விஞ்ஞானம் ஏது? ஆனால் மெய்யநாதன் கேட்கிற கேள்வி ஒன்று எனக்குத் தெரியும். அதையே கேட்டேன். "திரும்பிப் போனால் என்ன செய்வீர்கள் ஆச்சி?"

"தண்ணி குடுப்பேன்."

"ஆச்சி, யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் அவரைப் பிழைக்க வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாரே. இதயம் நின்றுவிட்டதே. தண்ணீர் கொடுத்திருந்தாலும் போயிருப்பாரே."

"போயிருப்பாக. தாகத்தோட போயிருக்க மாட்டாக."

இதற்கு என்ன பதில்? யாருக்காவது தெரிந்தால் எழுந்து சொல்லுங்கள். எந்தக் கடற்கரையில் போய் நின்று எதைப் பார்ப்பது? மெய்யநாதன் இருந்திருந்தால் இவ்விடத்தில் பொய் சொல்லியிருப்பாரா? மாட்டார். ஆகையால் நானும் சொல்லவில்லை.

ஆச்சியே பேச்சை மாற்றினார். "சபையை மூடப் போறாங்களாமே, நெசமா?" என்றார். ஆமாம் ஆச்சி, பதில் சொல்ல ஆளில்லையே, மரியாதையாக முடித்துக்கொள்ளலாம் என்று செட்டியார் நினைக்கிறார் என்றேன். ஆச்சி சொன்ன வார்த்தையை அவர் பேச்சிலேயே சொல்கிறேன். "மூட வேணாம் அண்ணே. காரியமெல்லாம் முடியட்டும், அப்புறம் சபையை நம்ம வீட்டுலயே வைங்க. என் கேள்வியையும் எல்லார் காதுலயும் விழுறாப்புல சொல்லிருங்க, அது அவுக போட்ட சட்டம். பதில் இல்லாட்டிப் போகுது. வர்றவுகளுக்கெல்லாம் நான் என் கையால தண்ணி குடுக்குறேன். அன்னிக்குக் குடுக்காத தண்ணி என் கையிலயே நிக்குது."

தலைவர் அவர்களே, இதற்குப் பிறகும் சபையை மூடுவதா? மூட விடுவோமா? பதில் சொல்ல மெய்யநாதன் இல்லை என்பது உண்மைதான். அவரைப் போல ஒருவர் நமக்கு இனிக் கிடைக்கப் போவதும் இல்லை. ஆனால் எழுந்து போய்ப் பார்க்க நமக்குக் கால் இல்லையா? தெரிந்ததைத் தெரியும் என்றும், முடியாததை முடியாது என்றும் சொல்ல நமக்கு வாய் இல்லையா? அவர் பெயரால் இந்த அவையில் வாக்குக் கொடுக்கிறேன்: ஞாயிறு வினா சபை நடக்கும்! கேட்க வருகிற பெண்களைப் பார்த்துப் பின் பெஞ்சில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆறுதலுக்காக யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். என் மாடியிலிருக்கும் பெஞ்சுகளை டத்தோ கிராமாட்டுக்கு நானே வண்டியில் ஏற்றிக் கொண்டு வருகிறேன்.

அங்கே வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வழியில் எந்தக் கடையிலும் எதுவும் குடித்துவிட்டு வராதீர்கள். தாகத்தோடு வாருங்கள்.