சுவருக்கு அந்தப் பக்கம் போன தேனீ

ஹலோ... ஹலோ... மச்சான்தானே? நான்தான். உன் அக்கா புருஷன். ...ஆமா, ஆமா, சுவருக்கு இந்தப் பக்கத்துலேருந்துதான் பேசுறேன். ...கத்துனா கேக்கும்தான். ஆனா அவளுக்கும் கேக்கும்ல? அதான் போன். ...எங்க இருக்கா? ...உன் தோட்டத்துலயா? தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். என் தேனீயைத் திருப்பி அனுப்பு.

...சிரிக்காத. ...என்னுதுதான்! போன வருஷம் வரைக்கும் என் பூசணிப் பூவுல விழுந்து புரண்டதுங்க. இந்த வருஷம் ஒண்ணு எட்டிப் பாக்கல. பிஞ்சு விரல் கனம் வருது, மஞ்சளாவுது, பொத்துனு விழுது. உன் பூசணி என்னடான்னா குழந்தை தலை மாதிரி... ...ஆமா, பாத்தேன். ஏணி வெச்சுத்தான் பாத்தேன். கொத்தனார் வீட்டுல ஏணிக்கா பஞ்சம்?

...பொறாமையா? எனக்கா? உன்னைப் பாத்தா? ஒரு பக்கம் கொத்தமல்லியைப் பறிக்காம பூக்க விட்டிருக்க. ஒரு பக்கம் சூரியகாந்தி. நடுவுல உனக்கே பேர் தெரியாத களை. அதைப் பாத்து நான் பொறாமைப்படணுமா? ...பேர் தெரியுமா? சரி, தெரிஞ்சுட்டுப் போவுது.

...முயற்சி பண்ணாமலா? நானே பூவுக்குப் பூ போய் மகரந்தம் தடவினேன். பெயின்ட் பிரஷ்ஷால. ஆம்பளப் பூவுல தொட்டு, பொம்பளப் பூவுல வெச்சு. ...ஆமா, ரீங்காரமும் போட்டேன். பூவுக்குச் சந்தேகம் வரக்கூடாதுல்ல? ...ம்ஹூம். கண்டுபிடிச்சுடுச்சு. என் முகத்துக்கு எதிரவே வாயை மூடிக்கிச்சு.

போன வாரம் ஒரே ஒரு தேனீ வந்துச்சு மச்சான். சத்தியமா. நான் பூசின சுவரு எப்படின்னு உனக்குத் தெரியும், பாத்துத் தலை வாரிக்கலாம். அதுல தன் மூஞ்சியைப் பாத்துடுச்சு. எவளோ போட்டிக்கு வந்திருக்கான்னு முட்டுச்சு பாரு, முட்டி முட்டி மயங்கி விழுந்துடுச்சு. நான்தான் சர்க்கரைத் தண்ணியைப் பஞ்சுல தொட்டு வெச்சு, விசிறி விட்டு, எழுப்பி உக்கார வெச்சேன். வாயைத் துடைச்சுக்கிட்டு நேரா உன் வீட்டுக்குப் போயிடுச்சு. ...பொய்யா? விசிறினதைத் தவிர எல்லாம் நிஜம்.

...என்னது? எங்க குடியிருக்குதுங்க? ...சுவத்துலயா? நம்ம நடுச் சுவத்துலயா? ...இரு, இரு. செங்கல் இடுக்கு ஓட்டையிலயா? ...கூட்டமா இல்லாம ஒரு ஓட்டைக்கு ஒண்ணா? ...கோடையில நான் சிமென்ட் பூசினேனே, ஒரு ஊசி ஓட்டை விடாம... ...ம். ...ம். அப்ப வாசலை அடைச்சதே நான்தானா.

...நீ உன் பக்கம் பூசவே இல்ல. பல்லு போன வாய் மாதிரி இருக்குன்னு பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சேன். அந்தப் பொக்கை வாய்லதான் எல்லாம் குடியேறிடுச்சாக்கும்.

சரி, இப்ப என்ன பண்ணணும்? ...துளை போடணுமா? என் சுவத்துல? நான் பூசின சுவத்துல? ...ஆயுசு முழுக்க ஓட்டையை அடைச்சவன்டா நான். ...சரி. ...சரி, சொல்லு. பென்சில் கனம். ஆழம் ஒரு விரல். மறுபக்கம் திறந்துடக் கூடாது. ...எனக்கா சொல்லிக் குடுக்குற? இரு, மிஷின் எடுக்குறேன். போனைத் தோள்ல இடுக்கிக்கிறேன்.

ட்ர்ர்ர்ர்... கேக்குதா? ...என் வயித்தெரிச்சல் சத்தம் இல்ல, மிஷின் சத்தம்.

...என்ன கேட்ட? ஒரு ஈக்குப் போய் இவ்வளவு ஆத்திரமான்னா? ட்ர்ர்ர்ர்... ஈ போனா போவுது மச்சான். பூசணி கடையில கிடைக்கும். ...உன் அக்கா. ...அவளுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கா, அங்க. முதல்ல, பட்டாம்பூச்சி பாத்துட்டு வரேன்னு போனா. அப்புறம் டீயை எடுத்துக்கிட்டுப் போனா. நேத்து நாற்காலியையே தூக்கிக்கிட்டுப் போயிட்டா. எதிர நாற்காலி இல்லாம சாயந்திரம் டீ குடிச்சுப் பாத்திருக்கியா நீ?

ட்ர்ர்ர்ர்... சிரிக்கிறா மச்சான். சுவரைத் தாண்டி கேக்குது. அவ அப்படிச் சிரிப்பான்னு எனக்கே மறந்துபோச்சு. ஒரு காலத்துல என் கதைக்குச் சிரிச்சவ. இப்ப ஒரு மஞ்சப் பூச்சி கொத்தமல்லியில உக்காந்தா சிரிக்கிறா. அது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுச்சா? நான் அவளுக்காக எவ்வளவு பொய் சொல்லியிருப்பேன்!

ட்ர்ர்ர்ர்... ஐயய்யோ. ...ஒண்ணும் இல்ல. ...ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல. பேச்சு வாக்குல கொஞ்சம் ஆழமாப் போயிடுச்சு. வெளிச்சம் தெரியுது. ...உன் பக்கம் செங்கல் தூள் கொட்டுதா? ...யார் தலையில?

...மச்சான். வெளிச்சத்தை என்னமோ மறைக்குது. ...கண்ணு. ஒரு கண்ணு தெரியுது. ...யாரு கண்ணுன்னா கேக்குற? அது எனக்குத் தெரியாதா?

...ஸ்பீக்கர்லயா போட்டிருக்க? எப்பலேருந்து?

...ஹலோலேருந்தா?

துரோகி. ...இல்ல இவளே, உன்னைச் சொல்லல, உன் தம்பியைச் சொன்னேன். ...ஆமா. ...ஆமா, எல்லாம் நான் சொன்னதுதான். ...என்ன? என் நாற்காலியையா? ...சுவரோரமா போடுறேன். ...நீயும் உன்னுதை அந்தப் பக்கம் போடுறியா? ...சரி. சரிங்குறேன்ல?

...என்ன கேக்குற? அந்தத் தேனீக்கு நிஜமாவே விசிறினேனான்னா? ...விசிறல. ஊதினேன்.

...இந்தா, சிரிக்கிறா! மச்சான், கேட்டியா? இது என் கதைக்கு!

...இன்னும் லைன்ல இருக்கியா நீ? இந்த ஓட்டையை உன் பக்கம் களிமண் வெச்சு அடைச்சுடு. தேனீக்கு ஆவும். ...இப்ப இல்லடா! நாளைக்கு. ...வேண்டாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம். இப்ப போனை வை. ...வைன்னா வைக்கணும். அக்காவும் மாமாவும் பேசிக்கிட்டிருக்கோம்ல?